சாக மறுத்த சிவப்பு

கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் அறையிலிருந்து ஓர் அலறல் கிளம்பி, மாடிப்படி ஏறி, துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் பாதி எழுந்துவிட்டாள்.

"உட்காருங்க. கடைவாய்ப் பல்லா இருக்கும். முன்பல்னா இவ்வளவு நீளமா கத்த மாட்டாங்க," என்றான் சின்னவன்.

வீட்டுக்கு இளைய பிள்ளை என்பதால் வந்த பெயர் அது. முப்பதைத் தாண்டி முன்நெற்றி ஏறத் தொடங்கிய பிறகும் அவனைவிட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் கார் ஓட்டுவது அவன் வேலை. வாய் ஓட்டுவது, யாரும் கேட்காமலே அவன் பார்த்துவந்த உபதொழில். முதலாளி அவனுடைய அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடிக்கும் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டவள். செத்துப்போய்விட்டதாக மனைவி சத்தியம் செய்த ஓர் ஆளை, முடிதிருத்தும் கடையில் பாதி சவரம் முடிந்த முகத்தோடு பிடித்தது அவளுடைய புகழ்பெற்ற கேஸ். அவளிடம் எதையாவது மறைக்கலாம் என்ற எண்ணத்தைச் சின்னவனின் அண்ணன் கல்யாணமான புதிதிலேயே கைவிட்டிருந்தான்.

வந்திருந்தவள் மரபணு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. தூங்கிப் பல நாள் ஆன முகம். விரல் நுனிகளில் சலவைக்குப் போகாத இளஞ்சிவப்புக் கறை. தன்மேல் திருட்டுப் பழி விழுந்திருக்கிறது என்றாள். விசாரணைக் குழு கூடப்போகிறது, அதற்குள் எதுவும் தெரியவில்லையென்றால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். டாக்டர் பட்டமும் போகும், வேறு எந்த நிறுவனமும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

"என்ன திருடினதா சொல்றாங்க?" என்றாள் அண்ணி.

"பாக்டீரியா."

சின்னவன் அவளுடைய கைப்பையைப் பார்த்தான். பிறகு தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

அவள் சொன்ன கதை இது. கடலில் வாழும் ஏதோ ஒரு நுண்ணுயிருக்குச் சிவப்புச் சாயம் தயாரிக்கத் தெரியும். அந்தத் தயாரிப்பு முறை அதன் டி.என்.ஏ.யில் ஒரு துண்டில், ஒரு ஜீனில், எழுதியிருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, வளர்க்கச் சுலபமான ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார் அவளுடைய பேராசிரியர். அது சாப்பிட்டுக் குட்டி போட்டுச் சிவப்புச் சாயமாகக் கக்கிக்கொண்டிருக்கிறது. துணிக்குப் போடலாம், ஆற்றில் விஷம் கலக்காது. பேராசிரியரின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சில மாதம் கழித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் சாயக் கம்பெனி அதே சிவப்பைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்து விற்க ஆரம்பித்தது. யாரோ கடத்திக் கொடுத்துவிட்டார்கள் என்றார் பேராசிரியர். அந்தக் கம்பெனியில் வேன் ஓட்டும் ஒருவரின் தங்கை அவருடைய ஆய்வகத்திலேயே இருக்கிறாள் என்று பேச்சு வந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

"வெட்டி வைக்கறதுன்னா எப்படி? இவனுக்குப் புரியற மாதிரி சொல்லு," என்று கொழுந்தனைக் காட்டினாள் அண்ணி. அவன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பரீட்சையில் தவளைக்குப் பதில் பெஞ்சைக் கீறிவைத்தவன் என்பதை அவள் சொல்லவில்லை.

மாணவி மேசைமேல் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை எடுத்தாள். பாக்டீரியாவுக்குள் இந்த மாதிரி வட்டமாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு, பிளாஸ்மிட் என்று பெயர் என்றாள். கத்தரிக்கோலை வாங்கி அதை ஓரிடத்தில் நறுக்கினாள். இந்தக் கத்தரிக்கோல் ஒரு என்சைம், கண்ட இடத்தில் வெட்டாது, குறிப்பிட்ட எழுத்து வரிசை வருகிற இடத்தில்தான் வெட்டும். வெட்டின இடத்தில் சாய ஜீனை வைத்து, பசை மாதிரியான இன்னொரு என்சைமால் ஒட்டினால் வட்டம் மறுபடி மூடிக்கொள்ளும். அதைப் பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கான பாக்டீரியாவில் சிலதுதான் உள்ளே வாங்கும்.

"வாங்கினது எது, வாங்காதது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் சின்னவன். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, நல்ல கேள்வியாக அமைந்துவிட்டது.

"வட்டத்துல இன்னொரு ஜீனும் சேர்த்து வெச்சிருப்போம். ஒரு குறிப்பிட்ட ஆன்டிபயாடிக் மருந்தைத் தாங்கற ஜீன். பாக்டீரியா வளர்ற தட்டுல அந்த மருந்தைக் கலந்துடுவோம். வட்டம் உள்ள இருக்கறது பிழைக்கும். மத்ததெல்லாம் செத்துடும்."

"பாஸ் இல்லாதவங்களை பஸ்ஸைவிட்டு இறக்கறதுக்குப் பதிலா நேரா மேலே அனுப்பிடறீங்க."

அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவன் ரப்பர் பேண்டின் மீதியை ஆராயத் தொடங்கினான்.

பழி வருவதற்கு முன்னால் பேராசிரியரோடு ஏதாவது மனஸ்தாபம் உண்டா என்று அண்ணி கேட்டாள். அப்படி எதுவும் இல்லை, ஒரு தடவை மட்டும் தன் முட்டாள்தனத்துக்காகப் பயங்கரமாகத் திட்டினார் என்றாள் மாணவி. ஆய்வகத்தில் மருந்துப் புட்டிகளை மூடியின் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய சிவப்புப் பாக்டீரியாவுக்கு நீலமூடி மருந்தைத் தாங்கும் ஜீன்தான் வைத்திருக்கிறது. பேராசிரியரின் கட்டுரையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒருநாள் அவசரத்தில் நீலமூடிக்குப் பதிலாக மஞ்சள்மூடி மருந்தைத் தட்டில் ஊற்றிவிட்டாள். பாக்டீரியாவையும் தடவி வைத்துவிட்டாள். மறுநாள்தான் தப்பு தெரிந்தது.

"எல்லாம் செத்திருக்கும்," என்றான் சின்னவன்.

"அதான் இல்ல. தட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளி. நல்லா வளர்ந்திருந்துச்சு."

மருந்தை ஊற்றும்போது தட்டு அதிகச் சூடாக இருந்திருக்கும், மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு பேராசிரியரிடம் காட்டினாள். அவர் முகம் வெளுத்துப் போய்க் கத்தினார். கவனமில்லாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்றார். தட்டைத் தானே எடுத்துப்போய்க் கொதிநீராவியில் அழித்தார். அதற்குப் பிறகு அதிகம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கம்பெனி சாயம் கடைக்கு வந்ததும், முதலில் அவள் பெயரைச் சொன்னவர் அவர்தான்.

அண்ணி எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே பல் டாக்டர் யாரையோ வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டிய எடு."

*

சாயக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அண்ணியை மட்டும் உள்ளே விட்டார். வாசலில் நிறுத்தப்பட்ட சின்னவன், வேன்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த டிரைவர்களிடம் பேச்சுக்கொடுத்து, மாணவியின் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டான். தங்கையின் அதே நெற்றி. அதே தூக்கமில்லாத கண்கள்.

அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவன் பேசிய நேரம் முழுக்க, ஏற்கெனவே பளபளத்த அதே கண்ணாடியையே துடைத்தார். பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது, பெட்டியை ஏற்றச் சொன்னால் ஏற்றுவேன், இறக்கச் சொன்னால் இறக்குவேன் என்றார். அப்பா அம்மா இல்லை, தங்கையைப் படிக்கவைத்தது தான்தான் என்பதை அவராகவே சொன்னார். தங்கச்சி திருடியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"அவ ஸீட்டு போயிடுமா சார்?"

"போகாதுன்னுதான் வந்திருக்கோம்."

"அது போகக்கூடாது," என்றார் டிரைவர். துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

அண்ணி திரும்பி வரும்போது கையில் சின்னத் தெர்மாகோல் பெட்டி இருந்தது. கம்பெனியே தன் பாக்டீரியாவில் ஒரு சொட்டுக் கொடுத்திருந்தது. தாங்கள் சொந்தமாகச் செய்ததுதான், தொழில் ரகசியம் என்பதால் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை, எப்படி வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சின்னவன் வழி முழுக்கத் துருவிப் பார்த்தான். அண்ணி அவனிடம் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டாதே என்பதைத் தவிர வேறு எந்தத் தகவலும் தரவில்லை.

*

நிறுவனத்தின் இயக்குநர், நரைமுடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள். சுற்றிவளைத்துப் பேசுகிறவர்களைப் பிடிக்காது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். அண்ணியும் சுற்றிவளைக்கவில்லை. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தபோது இயக்குநரின் முகத்தில், உள்ளே போகும்போது இல்லாத ஒரு கடுகடுப்பு இருந்தது.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. யார் புதிய உயிரை உருவாக்கினாலும், உருவாக்கிய உடனேயே ஒரு குழாய் மாதிரியைத் தன் முத்திரையோடு இயக்குநரின் உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். சிவப்புப் பாக்டீரியாவின் குழாயும் அங்கே இருந்தது. மாணவி அந்த நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பே வைத்தது. அதில் அவள் கைவைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று பிற்பகல் பேராசிரியரின் ஆய்வகத்தில் எல்லோரும் கூடினார்கள். பேராசிரியர் உயரமானவர், அழகாகப் பேசுகிறவர், சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்வதில்கூட ஒரு நேர்த்தி. முத்திரையைத் தானே சரிபார்த்து, தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். மாணவியை ஓரமாக நிற்கவைத்திருந்தார்கள். எதையும் தொடக்கூடாது என்பதால் அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் தன் அறையிலிருந்து இரண்டு தட்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் நீலமூடி மருந்து, இன்னொன்றில் மஞ்சள்மூடி. ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் நடுவே ஒரு கோடு. குழாயைத் திறந்து, மெல்லிய கம்பியால் தொட்டு, இரண்டு தட்டிலும் கோட்டுக்கு ஒரு பக்கமாகத் தீற்றினார்.

மஞ்சள்மூடி எதற்கு என்று பேராசிரியர் கேட்டார். அந்த மருந்துக்கும் தன் பாக்டீரியாவுக்கும் சம்பந்தமே இல்லை, வீண் வேலை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதையே வேறு வார்த்தைகளில் மறுபடி சொன்னார்.

"செத்தா செத்துட்டுப் போகுது. கட்டுரையில எழுதினபடிதானே இருக்கும்," என்றாள் அண்ணி.

சின்னவன் தட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போல வெறும் கூழ். விதைத்த அன்றைக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, வெதுவெதுப்பான பெட்டியில் இரவு முழுக்க இருந்தால்தான் முளைக்கும் என்று மாணவி முணுமுணுத்தாள். தட்டுகள் ஆய்வகத்து வெப்பப் பெட்டிக்குள் போயின. அறைச் சாவி இரண்டு, ஒன்று பேராசிரியரிடம், இன்னொன்று இயக்குநரிடம். பேராசிரியர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி விடைகொடுத்தார்.

வெளியே காருக்கு வந்ததும், தெர்மாகோல் பெட்டி ஒன்று முன் ஸீட்டில் ஏறியது. அதற்குள், அதே குழாயிலிருந்து இயக்குநர் தன் அறையில் அதே மாதிரி தீற்றி, ஒட்டுநாடா சுற்றிக் கையெழுத்துப் போட்ட இன்னொரு ஜோடித் தட்டு. கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம், தன் கருவிகள் நிஜமாகவே கிருமி நீங்கியிருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு குட்டி வெப்பப் பெட்டி உண்டு. இன்றைக்கு ராத்திரி அதில் இதற்கு இடம் கேட்கப் போகிறோம் என்றாள் அண்ணி.

"அவர் என்னைப் பார்த்தாலே வாயைத் திறக்கச் சொல்றாரு அண்ணி."

"திற. பல்லைத்தானே பார்ப்பாரு. மூளைய ஒண்ணும் தேட மாட்டாரு."

*

மறுநாள் காலை வெப்பப் பெட்டியை இயக்குநர் திறந்தபோது அறையில் எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் மட்டும் நிதானமாக இருந்தார். புதிதாகச் சவரம் செய்திருந்தார்.

நீலமூடித் தட்டில் கோட்டுக்கு ஒரு பக்கம் சிவப்புப் புள்ளிகள் பொரிந்திருந்தன. மறுபக்கம் காலி. மஞ்சள்மூடித் தட்டு முழுதுமே காலி. ஒரு புள்ளி இல்லை. நேற்று இருந்தது போலவே கண்ணாடிக் கூழ்.

"நான் எழுதினது எழுதினபடியே இருக்கு," என்றார் பேராசிரியர். நீலமூடியில் பிழைக்கிறது, மஞ்சள்மூடியில் சாகிறது. இனிமேலாவது இந்தக் கேலிக்கூத்தை முடித்துக்கொண்டு விசாரணையைக் கவனிக்கலாமா என்று இயக்குநரைக் கேட்டார்.

மாணவியின் கண்கள் நிரம்பிவிட்டன. அன்றைக்கு நான் பார்த்தது தப்பாகத்தான் இருந்திருக்கும், மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சின்னவனிடம் சொன்னாள். அண்ணி தோற்று அவன் பார்த்ததில்லை, பார்க்க விருப்பமும் இல்லை.

அண்ணி மஞ்சள்மூடித் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சார், இதுல ஒரு பாதியிலதான நேத்து மேடம் உங்களோடதைப் போட்டாங்க. இன்னொரு பாதியில என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"காலியா விட்டீங்க. அங்க ஒண்ணும் இல்லையே."

"விதைச்ச அன்னிக்குக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே மேடம் தன் ரூம்ல அந்தப் பாதியில ஒண்ணு போட்டுட்டுத்தான் வந்தாங்க. சாயக் கம்பெனியோட பாக்டீரியா."

பேராசிரியர் தட்டை உற்றுப் பார்த்தார்.

அண்ணி நிதானமாக எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் தங்கள் பாக்டீரியாவுக்கு வைத்த பாஸ் மஞ்சள்மூடி மருந்தைத் தாங்கும் ஜீன். நேற்று அவர்கள் ஆய்வகத்தில், மஞ்சள்மூடி ஊற்றிய தட்டில் அது செழித்து வளர்ந்திருப்பதை அவளே கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். அப்படியானால் இந்தத் தட்டில் ஒரு பாதி கட்டாயம் சிவந்திருக்க வேண்டும். மருந்துக்குச் சாகாத ஒன்று செத்திருக்கிறது என்றால், அதைக் கொன்றது மருந்து இல்லை.

"மூடியத் திறந்து, கிருமியக் கொல்ற அல்ட்ராவயலெட் விளக்குக்கு அடியில கொஞ்ச நேரம் வெச்சா போதும்," என்றார் இயக்குநர், ஆய்வு மேடையின் விளக்கைப் பார்த்தபடி. "தட்டு பார்க்க அப்படியே இருக்கும். உள்ள எல்லாம் காலி." தன் சாவி இரவு முழுக்கத் தன் வீட்டு அலமாரியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பேராசிரியர், வெப்பப் பெட்டியே கோளாறாக இருக்கலாம் என்றார். பக்கத்துத் தட்டில் மட்டும் எப்படி வளர்ந்தது என்று அண்ணி கேட்டாள். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் காருக்கு ஓடி, பல் டாக்டரிடம் ராத்தங்கிய ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். ஒட்டுநாடாவும் கையெழுத்தும் கலையாமல் இருப்பதை இயக்குநர் பார்த்துவிட்டு, தன் கையாலேயே பிரித்தார்.

நீலமூடித் தட்டு, இங்கே இருந்தது போலவே. ஒரு பாதி சிவப்பு, மறுபாதி காலி.

மஞ்சள்மூடித் தட்டில் இரண்டு பாதியும் சிவப்பு. அம்மை வார்த்த மாதிரி தட்டு முழுக்கப் புள்ளிகள்.

"எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க," என்றான் சின்னவன்.

மாணவிதான் சொன்னாள். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"கம்பெனியோடது மஞ்சளை மட்டும்தான் தாங்குது. சாரோடது நீலம், மஞ்சள், ரெண்டையும் தாங்குது. அவங்க நம்மகிட்டேருந்து திருடியிருந்தா, மஞ்சள் ஜீன் அவங்க போட்டதா இருக்கும், அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். நம்ம குழாய்க்குள்ள அது எப்படி வந்துச்சு?" அவள் பேராசிரியரின் பக்கம் திரும்பினாள். "நீங்க அவங்களோட வட்டத்தை எடுத்து, அதுல நீலத்தை ஒட்டியிருக்கீங்க சார். மஞ்சளை வெட்டி எடுக்கல."

"கட்டுரையில எழுதாம விட்டா போதும்னு நெனச்சிருக்காரு. திருட்டு வண்டியில தன் நம்பர் பிளேட்டை மாட்டினவரு, பழைய பிளேட்டைக் கழட்டாம அதுக்கு மேலயே ஆணி அடிச்சிருக்காரு," என்றான் சின்னவன். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பதே அவனுக்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது.

அண்ணிக்கு மீதி விளங்கியிருந்தது. தப்பான மருந்தை ஊற்றி, தப்பாமல் வளர்ந்த ஒரு தட்டைப் பார்த்த ஒரே ஆள் இந்தப் பெண். என்றைக்காவது அது ஏன் என்று யோசித்துவிடுவாள். அதற்குள் அவளைத் திருடியாக்கி வெளியே தள்ளிவிட்டால், பிறகு அவள் என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்?

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது மாநாட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது, வெட்டி எடுக்க நேரமில்லை என்று, யாரிடமென்று இல்லாமல் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். அவர் முகத்தில் இப்போது ஒரு சின்ன வன்மம் இருந்தது.

"அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது யாருன்னு கேக்க மாட்டீங்களா? இவ அண்ணனைக் கேளுங்க."

*

மாணவி அழவில்லை. வாசலுக்குப் போய்ப் போனில் பேசினாள். அண்ணன் வருகிறவரை யாரும் போகாதீர்கள் என்று திரும்பி வந்து சொன்னாள். காத்திருந்த நேரம் முழுக்க மஞ்சள்மூடித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் வேலைச் சட்டையோடு வந்தார். அறைக்குள் இருந்த முகங்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி அவரைக் கேள்வி கேட்கவில்லை, ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காராமலே சொன்னார்.

தங்கை இந்த நிறுவனத்தில் சேர விண்ணப்பித்திருந்த நேரம். பேராசிரியர் கம்பெனிக்கு ஆலோசகராக வந்துபோய்க்கொண்டிருந்தார். அவரை வேனில் கூட்டிப்போய்விடுவது இவருடைய வேலை. ஒருநாள் வழியில் டிரைவர் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். இடம் கிடைப்பது கஷ்டம், எத்தனையோ பேர் போட்டி, ஆனால் தன் கையில்தான் இருக்கிறது என்றார் பேராசிரியர். அப்புறம், கம்பெனி ஆய்வகத்திலிருந்து கழிவு என்று வெளியே வரும் குழாய்களில் ஒன்று, மூடியில் சிவப்பு இருப்பது, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுகிறது என்றார். குப்பைக்குப் போவதுதானே என்று டிரைவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் தங்கைக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. அவள் மேலேயே பழி விழுந்தபோது, உண்மையைச் சொன்னால் ஸீட்டு போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும் போலிருக்கிறது என்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இவ ஸீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல," என்றார். "இந்த நிறுவனத்துல யாரைச் சேர்க்கறதுங்கறது எழுத்துத் தேர்வை வெச்சு, என் ஆபீஸ்ல முடிவாகற விஷயம். அந்த வருஷம் முதலாவதா வந்தது உங்க தங்கச்சி. நீங்க குழாயை எடுக்கறதுக்கு முன்னாடியே இவளுக்கு இடம் முடிவாயிடுச்சு. கடிதம் தபால்ல போக வேண்டியதுதான் பாக்கி. அது இவருக்கும் தெரியும்."

டிரைவர் அதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாதவர் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். பேராசிரியர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, எதுவும் எழுதாமல், மறுபடி குத்திக்கொண்டார். அவரைத் தன் அறைக்கு வரும்படி இயக்குநர் சொன்னார். அவர் எழுந்து பின்னால் போனார்.

கம்பெனியில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றார் டிரைவர். வேலை போகலாம், போலீஸுக்கும் போகலாம், ஆனால் தானாகப் போய்ச் சொல்வதற்கும் பிடித்துக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அண்ணி சொன்னாள். தானும் வருவதாகச் சொன்னாள். வேனை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் சின்னவனின் காரில் ஏறினார்கள்.

டிரைவர் முன் ஸீட்டில் இருந்தார். சின்னவன் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகமாகத் திரும்பினான், அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஒரு தடவை அவர் தாங்க முடியாமல், கிளட்சைவிட்டுக் காலை எடுங்க தம்பி என்றார். நேற்று ஒருத்தர், இன்றைக்கு ஒருத்தர், என் காலுக்கு ஒரு மரியாதை இல்லை என்றான் சின்னவன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் காருக்குள் இருந்த பாரம் தாங்காது என்றுதான் பேசினான்.

பின் ஸீட்டில் இருந்த தங்கை வாயைத் திறந்தாள்.

"நான் முதலாவதா வருவேன்னு உனக்குத் தோணவே இல்லையா? என் மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியில் அழுக்கு இருந்தது. கை தானாகத் துடைக்கப் போய், அடுத்தவன் வண்டி என்று நின்றது.

"உன் மேல இருந்துச்சு," என்றார். "அவங்க மேலதான் இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். கம்பெனியின் புகைபோக்கி தெரியத் தொடங்கியதும் தங்கை முன்னால் சாய்ந்து, உள்ளே போனதும் யார் பேசுவது என்று கேட்டாள்.

"நான்தான்," என்றார் அவர். "நீ பக்கத்துல நில்லு."

சின்னவன் வேகத்தைக் குறைத்து, வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தினான்.